நிணநீரை மறந்த நகரம்

தி.நகர் ரங்கநாதன் தெருவில் இரவு ஷட்டர்கள் இறங்கும் நேரத்தில் மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டு அருகே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காலையிலிருந்து புடவைகளைப் பிரித்துக் காட்டி, மடித்து, மறுபடியும் பிரித்துக் காட்டிய பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். காலையில் தளர்வாக மாட்டிய செருப்பின் வார் இப்போது புறங்காலில் பள்ளமாகப் பதிந்திருக்கும். கொலுசு கணுக்காலைக் கவ்விப் பிடித்திருக்கும். கேட்டால், "நின்னு நின்னு காலு நீர் கோத்துக்கிச்சு" என்பார்கள். கேட்காவிட்டால் அதையும் சொல்ல மாட்டார்கள்.

அந்த நீர் வெளியிலிருந்து வந்ததல்ல. ரத்தம் மயிரிழை போன்ற நுண்குழாய்கள் வழியே போகும்போது அதன் நீர்ப்பகுதி கொஞ்சம் வெளியே கசிகிறது. கசியத்தான் வேண்டும், அந்தக் கசிவின் வழியாகத்தான் செல்களுக்குச் சாப்பாடு போய்ச் சேர்கிறது. கசிந்த நீரும், அதோடு வெளியேறிய புரதமும் மறுபடி ரத்தத்தில் சேர்ந்தாக வேண்டும். அதற்கென்றே உடம்பு முழுக்க ஓடும் தனிக் குழாய் வலைதான் நிணநீர் மண்டலம். நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் வரை நிணநீர் காலிலிருந்தும் கையிலிருந்தும் குடலிலிருந்தும் திரண்டு, பெரும்பகுதி இடது காறை எலும்புக்குப் பின்னால் இருக்கும் பெரிய சிரையில் போய்க் கலக்கிறது. இந்த ஓட்டம் நின்றுவிட்டால் ஒருநாள்கூட நம்மால் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனாலும் சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் என்று எண்களை ஒப்பிக்கும் நம் வீடுகளில் நிணநீர் என்ற பேச்சே எழுவதில்லை.

ரத்தத்தை ஓட்ட இதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படி ஓர் உறுப்பு கிடையாது. அதன் குழாய்ச் சுவர்களே நிமிடத்துக்குச் சில தடவை சுருங்கி விரிகின்றன. பாதத்திலிருந்து கழுத்து வரை மேல்நோக்கி ஏற அது மட்டும் போதாது. மெட்ரோ வாட்டர் அடிபம்பை அடித்துப் பழகிய சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கைப்பிடியை அழுத்தினால்தான் தண்ணீர் ஏறும். ஏறிய தண்ணீர் இறங்காமல் உள்ளே இருக்கும் வால்வு பார்த்துக்கொள்ளும். நம் காலில் அந்தக் கைப்பிடி கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது இறுகித் தளர்கிறது, குழாய் அமுங்குகிறது, நிணநீர் ஒரு வால்வைத் தாண்டி அடுத்ததற்குப் போகிறது. ஆழமாக மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, மேலே வந்த நீர் கழுத்துப் பக்கம் இழுபடுகிறது.

அசையாமல் நிற்பவர்களுக்கு இந்த வேலை நடப்பதில்லை. சிரைகளில் அழுத்தம் கூடிக் கசிவு அதிகமாகும். அள்ளிக்கொண்டு போக வேண்டிய நிணநீர்க் குழாய்களோ பாதி ஓட்டத்தில் இருக்கும். பத்து மணி நேரம் நிற்பது ஒருநாள் என்றால் ராத்திரி படுத்து எழுந்தால் வீக்கம் வடிந்துவிடும். வருடக்கணக்கில் என்றால் வடியாது.

கேரளம் 2018-இல் ஜவுளிக்கடைப் பெண்களின் போராட்டத்தைத் தொடர்ந்து 'உட்காரும் உரிமை'யைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், அப்போதைய தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டப்பேரவையில் மசோதா கொண்டுவந்தார். கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் புதிய பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே வாய்க்கும் நேரத்தில் உட்காருவதற்கு ஒவ்வொரு நிறுவனமும் இருக்கை தர வேண்டும் என்பது அதன் சாரம். இதைத் தொழிலாளர் நலச் சட்டமாக மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு இது சுகாதாரச் சட்டமாகவே படுகிறது. உட்கார்ந்து எழுவதும் ஓர் அசைவுதான்; அந்த ஸ்டூல் ஒரு மருந்து. எத்தனை கடைகளில் அது கவுண்ட்டருக்குப் பின்னால் இருக்கிறது, எத்தனை கடைகளில் அதில் உட்கார ஒரு பெண்ணுக்குத் தைரியம் வருகிறது என்பதைப் புடவை எடுக்கப் போகும் நாமே பார்க்கலாம், கேட்கலாம்.

நிணநீர் நம்மிடம் இரண்டைத்தான் கேட்கிறது: அசைவு, கிழிசல் இல்லாத சுத்தமான தோல். இரண்டும் தனிமனிதர் ஒழுக்கத்தால் மட்டும் கிடைத்துவிடுகிறவை அல்ல. முதலாளி, மாநகராட்சி, மருத்துவமனை, வீட்டு மனிதர்கள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

குடலில் பால், கழுத்தில் நெறி

1622-இல் இத்தாலியின் மிலான் நகரில் காஸ்பரோ அசெல்லி என்ற மருத்துவர், சற்று முன்புதான் வயிறாரத் தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தார். குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை வெள்ளையாக நூல் போலக் குழாய்கள் தெரிந்தன. ஒன்றை வெட்டியதும் பால் போன்ற திரவம் வழிந்தது. சாப்பாட்டிலிருக்கும் கொழுப்பு குடலிலிருந்து நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. நிணநீர்க் குழாய்கள் வழியாகத்தான் போகிறது என்பது பிற்பாடு தெளிவானது. லஸ் முனையில் இன்று காலை யாரோ சாப்பிட்ட நெய்ப் பொங்கலின் நெய், இந்நேரம் அவர் நெஞ்சுக்குள் நிணநீரோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

போகிற வழியெல்லாம் நிணநீர் முடிச்சுகள். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 600. அவரை விதை அளவிலிருந்து மொச்சை அளவு வரை. கழுத்து, அக்குள், கவட்டி ஆகிய இடங்களில் கொத்துக் கொத்தாக இருக்கும். கிருமியோ கிருமியின் துணுக்கோ நிணநீரோடு வந்தால் அங்கே வடிகட்டப்படும், அடையாளம் காணப்படும், அதற்கேற்ற வெள்ளணுக்கள் பெருகும். முடிச்சு வீங்குவது அப்போதுதான். காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் கவட்டியில் நெறி கட்டும். பல் சொத்தையானால் தாடைக்குக் கீழே நெறி கட்டும். நம் பாட்டிமார் குழந்தையின் கவட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் காலில் புண்ணைத் தேடியது எத்தனை துல்லியமான மருத்துவம்!

பெரும்பாலான நெறிகள் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அமுங்கிவிடும். அமுங்காததுதான் கவலை. கழுத்தில் வலியில்லாமல் வீங்கி, வாரக்கணக்கில் நீடித்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வளரும் நெறிக்கு நம் ஊரில் முதல் சந்தேகம் காசநோய்தான். பழைய வைத்தியர்கள் இதைக் கண்டமாலை என்பார்கள். இந்தியாவில் நுரையீரலுக்கு வெளியே காசநோய் அதிகம் தாக்கும் இடம் இந்த முடிச்சுகளே. இருமல் இல்லையே, சளி இல்லையே என்று பலர் மாதக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள்.

இதில் சென்னைக்குத் தனிப் பெருமையே உண்டு. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், நெரிசலான ஏழை வீடுகளில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு நிகராகக் குணமானார்கள் என்று 1959-இல் நிரூபித்தது. உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்ததற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். முடிச்சுகளைத் தாக்கும் காசநோயையும் ஆறு மாத மருந்தில் குணமாக்கலாம் என்பதற்கான ஆய்வுகளையும் அதே நிறுவனம் நடத்தியிருக்கிறது. மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். முடிச்சிலிருந்து ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்ற பயத்தில் வருகிற வழியிலேயே திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அது பொய்ப் பயம்.

கெட்டியாக, கல் போல, நகராமல் இருக்கும் முடிச்சு. காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் வரும் முடிச்சு. கூடவே எடை குறைவது, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்த்துக் கொட்டுவது. இவற்றில் எது இருந்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கால்வாய், கொசு, கால்

மயிலாப்பூரில் சாயங்காலம் ஆறு மணியானால் ஜன்னலைச் சாத்துகிற பழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. காரணம் பக்கிங்ஹாம் கால்வாய். 1806-இல் வெட்டத் தொடங்கி, 1877-78 பஞ்ச காலத்தில் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் ஆட்சியில் நிவாரண வேலையாக நீட்டிய கால்வாய். ஒரு காலத்தில் உப்பும் விறகும் படகில் வந்த வழி. இன்று முண்டகக்கண்ணியம்மன் கோயில், திருமயிலை நிலையங்களின் பறக்கும் ரயில் தூண்கள் அதற்குள்ளேயே கால் ஊன்றி நிற்கின்றன. தூண்களுக்கிடையே சாக்கடை தேங்குகிறது, ஆகாயத்தாமரை படர்கிறது. தி.நகர் பக்கம் மாம்பலம் கால்வாயும் இதே கதைதான். இந்த அழுக்குத் தண்ணீரில் பிறக்கிற கொசுவின் பெயர் க்யூலெக்ஸ். டெங்கு பரப்பும் ஏடிஸுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். க்யூலெக்ஸுக்குச் சாக்கடையே போதும். ராத்திரியில்தான் கடிக்கும். யானைக்கால் நோயைக் கொண்டுவருவது அதுதான்.

யானைக்கால் என்பது நிணநீர் மண்டலத்தின் நோய். நூல் போன்ற புழுக்கள், வூச்சரேரியா பான்க்ராஃப்டி என்று பெயர், நிணநீர்க் குழாய்களுக்குள்ளேயே குடியேறி ஆறேழு வருடம் வாழ்கின்றன. குழாய் விரிந்து தளர்கிறது, வால்வுகள் மூட மறுக்கின்றன, நீர் கீழேயே நின்றுவிடுகிறது. பெண் புழு லட்சக்கணக்கில் ஈனும் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரல் பக்கம் ஒதுங்கியிருந்து, இரவு பத்திலிருந்து இரண்டு மணிக்குள் தோலருகே உள்ள ரத்தத்துக்கு வருகின்றன, கொசு கடிக்கும் வேளை பார்த்து. இதைக் கண்டறியச் சுகாதாரப் பணியாளர்கள் ராத்திரியில் வீடு வீடாகப் போய் விரல் நுனியில் ரத்தம் எடுப்பது அதனால்தான். தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறக்கும் நம்மில் பலருக்கு அவர்கள் ஏன் பகலில் வரவில்லை என்ற எரிச்சல் வரும். பகலில் வந்தால் புழு கிடைக்காது.

மனித ரத்தத்தில் இந்தப் புழுக்குஞ்சுகளைத் திமோதி லூயிஸ் முதலில் பார்த்தது 1872-இல் கல்கத்தாவில். சீனத்தின் அமோய் துறைமுகத்தில் வேலை பார்த்த பேட்ரிக் மேன்சன் 1877-இல் அவை கொசுவின் வயிற்றுக்குள் வளர்வதைக் கண்டார். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் உறுதி செய்தது அதற்கு இருபது வருடம் கழித்துத்தான். கொசுவால் நோய் வரும் என்ற எண்ணத்துக்கே யானைக்கால்தான் பிள்ளையார் சுழி.

ஒன்றிரண்டு கொசுக்கடியில் யானைக்கால் வராது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கடி வாங்க வேண்டும். புழு பெரும்பாலும் சிறுவயதிலேயே உள்ளே வந்துவிடும்; கால் வீங்குவது வருடங்கள் கழித்து. ஆண்களுக்கு விரை வீக்கமாகவும் வரலாம். சிலருக்குக் குடலிலிருந்து வரும் பால் போன்ற நிணநீர் சிறுநீர்ப் பாதைக்குள் கசிந்து, கொழுப்பு அதிகமாகச் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் அரிசி கழுவின தண்ணீர் போல வெளுத்து வரும்.

இந்தியாவில் 1955-இல் தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டம் தொடங்கியது. புதுச்சேரியில் 1975-இல் அமைந்த கொசு ஒழிப்பு ஆராய்ச்சி மையம் தமிழ்நாட்டுக்குச் செய்திருக்கும் வேலை கொஞ்சநஞ்சமல்ல. 1980-களில் காரைக்காலில் டி.இ.சி. என்ற யானைக்கால் மருந்தை உப்பில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். வருடத்துக்கு ஒரு வேளை எல்லோருக்கும் மாத்திரை என்ற முறை பின்னால் வந்து, 2004-இல் நாடு தழுவிய இயக்கமானது. நோய் இல்லாதவர் ஏன் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று கேட்பார்கள். ரத்தத்தில் குஞ்சுகளோடு நடமாடுகிறவருக்கும் காலில் எந்த வீக்கமும் இருக்காது என்பதுதான் பதில். தமிழ்நாட்டின் பல மாவட்டங்கள் அடுத்தடுத்த சோதனைகளில் தேறி, அந்த மாத்திரையை நிறுத்தும் நிலைக்கு வந்துவிட்டன. இலங்கை 2016-இலேயே யானைக்காலைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றுவிட்டது. இந்தியா தனக்கு வைத்திருக்கும் கெடு 2027.

புழு ஒழிந்தாலும் வீங்கிய கால் வீங்கியபடியே இருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம். கோயில் வாசல்களில் யானைக்காலோடு உட்கார்ந்திருந்தவர்களை நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். இப்போது குறைவாகத்தான் பார்க்கிறோம். அவர்களில் பலர் வீட்டுக்குள் இருக்கிறார்கள். முதல் நிலை வீக்கத்தோடு, கணுக்கால் மறைகிற மாதிரி புடவையைத் தழையத் தழையக் கட்டிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் காலம் தள்ளும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய நல்ல செய்தி ஒன்று இருக்கிறது.

ஒரு வாளி, ஒரு சோப்பு

யானைக்கால் அவ்வளவு பெரிதாவதற்குப் புழு மட்டும் காரணமல்ல. நிணநீர் தேங்கிய காலில் நோய் எதிர்ப்பு குறைந்துபோகும். விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்து தோல் வெளுத்து ஊறிப் பிளந்தால், அந்தப் பிளவு வழியே பாக்டீரியா நுழையும். திடீரென்று குளிர் நடுக்கம், காய்ச்சல், கவட்டியில் நெறி, கால் செக்கச் சிவந்து தீயாக எரியும். ஒரு வாரத்தில் காய்ச்சல் விடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் மிச்சமிருந்த குழாய்களில் சில அழிந்து, வீக்கம் ஒரு படி ஏறிவிடும். காய்ச்சலைத் தடுத்தால் கால் பெருப்பதையும் தடுக்கலாம். தடுக்கும் மருந்து சோப்பும் தண்ணீரும்.

செய்முறை இதுதான். முக்காலியில் உட்கார்ந்து, காலை இன்னொரு பலகையில் வைத்துக்கொள்ள வேண்டும். வெந்நீர் கூடாது, சாதாரணத் தண்ணீர். சோப்பைக் காலில் தேய்க்காமல் கையில் நுரைத்து, முழங்காலிலிருந்து கீழ்நோக்கிப் பூச வேண்டும். தோல் மடிப்பு ஒவ்வொன்றையும் விரித்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய துணியை விட்டு எடுக்க வேண்டும். வழிகிற தண்ணீர் தெளிவாகும்வரை ஊற்ற வேண்டும். பிறகு முக்கியமான வேலை: துடைப்பது. அழுத்தித் தேய்க்காமல் பருத்தித் துணியால் ஒற்றி, இடுக்குகளில் ஈரம் துளியும் இல்லாமல் எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் மறுபடி சேற்றுப்புண்தான். இடுக்கு வெளுத்திருந்தால் டாக்டர் தரும் பூஞ்சைக் களிம்பு. ராத்திரி படுக்கும்போது காலுக்குக் கீழே தலையணை. உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, கணுக்காலைச் சுழற்றுவது. தினமும்.

இவ்வளவு எளிமையாக இருப்பதாலேயே இதை மருத்துவமாக யாரும் மதிப்பதில்லை. ஆனால் காசர்கோட்டில் உள்ள இன்ஸ்டிட்யூட் ஆஃப் அப்ளைட் டெர்மட்டாலஜி, இதே சோப்புத் தண்ணீர்ப் பராமரிப்போடு ஆயுர்வேதம், யோகா, அழுத்தக் கட்டு எல்லாவற்றையும் சேர்த்து, பெருத்த கால்களின் சுற்றளவைக் கணிசமாகக் குறைத்து ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறது. மழைக்காலத்தில் சாக்கடை கலந்த தண்ணீரில் நடந்தே வேலைக்குப் போகும் சென்னையில், வீக்கம் இருப்பவருக்கும் சர்க்கரை நோய் இருப்பவருக்கும் இந்தக் கால் கழுவல் சோறு தண்ணீர் மாதிரி அவசியம்.

அடையாறில் ஒரு கை

தங்கை புற்றுநோயில் இறந்ததைப் பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரத்தையே வேராக வைத்து 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்த இடத்தை மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021 ஜனவரியில் மறையும்வரை டாக்டர் வி. சாந்தாவும் பெரும் நிறுவனமாக வளர்த்தார்கள். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1982 முதல் அங்கிருந்துதான் பராமரிக்கப்படுகிறது. ஒரு காலத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய் முதலிடத்தில் இருந்த சென்னைப் பெண்களிடம் இப்போது மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துவிட்டது என்பதைச் சொன்னதும் அந்தப் பதிவேடுதான்.

மார்பகத்தின் நிணநீர் பெரும்பாலும் அக்குள் முடிச்சுகளுக்குப் போகிறது. புற்றுநோய் செல்களும் அந்த வழியாகவே கிளம்பும். ஆகவே அறுவை சிகிச்சையில் அக்குள் முடிச்சுகளையும் எடுக்க வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தது; ஆனால் கையின் நிணநீர் போகிற வழி அடைபட்டது. அக்குள் முடிச்சுகள் முழுதாக எடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு அந்தப் பக்கத்துக் கை பிற்பாடு வீங்குகிறது. சில மாதத்திலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். முதல் அறிகுறி அளவில் தெரியாது. ஒரு பக்கத்து ரவிக்கைக் கை இறுகும், வளையல் ஒரு கையில் மட்டும் ஏறாது, மோதிரம் கழலாது, கை கனமாக இருக்கும். அந்தக் கட்டத்திலேயே வந்தால் பெரும்பாலும் கட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம். தேங்கிய புரதம் நாளடைவில் நாராக இறுகிவிட்டால் கஷ்டம்.

இப்போது எல்லா முடிச்சுகளையும் எடுப்பதில்லை. கட்டிக்குப் பக்கத்தில் நீலச் சாயமோ கதிரியக்க மருந்தோ ஊசியில் செலுத்தினால், அது முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகள் எவை என்று தெரிந்துவிடும். அவற்றை மட்டும் எடுத்துப் பரிசோதித்து, புற்றுநோய் இல்லையென்றால் மற்றதை விட்டுவிடுகிறார்கள். கை வீங்கும் வாய்ப்பு இதில் வெகுவாகக் குறைகிறது. நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால்தான் இந்த வழி திறந்திருக்கும்.

"அந்தக் கையால் எதையும் தூக்காதே" என்று எத்தனை பெண்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்! குடம் தூக்காதே, குழந்தையைத் தூக்காதே, மாவு பிசையாதே. பெண்கள் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் பயந்து வாழ்ந்தார்கள். 2009-இல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு, ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தது. ஒரு பாதியினர் அழுத்த உறை அணிந்து, பயிற்சியாளர் மேற்பார்வையில், வாரம் இருமுறை மெல்ல மெல்லப் பளுவைக் கூட்டித் தூக்கினார்கள். கை வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவதும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. சதை வேலை செய்தால் நிணநீர் நகரும் என்ற அடிப்படை விதிதான் அங்கேயும் ஜெயித்தது. ஆனாலும் பழைய பயம் இன்னும் நம் வீடுகளில் உட்கார்ந்திருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும்படி மெதுவாகத் தொடங்கி, அந்தக் கையையும் வாழவிட வேண்டும்.

வீங்கிய கைக்கான சிகிச்சையில் நான்கு பாகம்: தோல் பராமரிப்பு, அழுத்தக் கட்டு அல்லது அழுத்த உறை, உடற்பயிற்சி, பயிற்சி பெற்றவர் மிக மென்மையாகத் தோலை நகர்த்திச் செய்யும் நிணநீர் மசாஜ். கடைசியாகச் சொன்னதை 1930-களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் உருவாக்கினார். அதன் பெயரைத்தான் இன்று அடையாறிலும் தி.நகரிலும் பார்லர்கள் போர்டில் எழுதி, முகம் மெலியும், தொப்பை கரையும், 'டாக்ஸின்' வெளியேறும் என்று விற்கின்றன. ஆரோக்கியமானவர் உடம்பில் நிணநீர் ஓட யாரும் காசு வாங்கிக்கொண்டு தேய்க்கத் தேவையில்லை. தேய்த்தால் ஒருநாள் முகம் கொஞ்சம் உப்பல் குறையலாம், மறுநாள் பழையபடிதான். காலில் ரத்தக்கட்டி இருப்பவர், தோலில் தொற்று இருப்பவர் தெரியாமல் போய்ப் படுத்தால் ஆபத்து. நோயாளிகளுக்குக் கிடைக்காத ஒரு சிகிச்சை அழகுச் சாமானாக விற்கப்படுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

நீர் மாத்திரை வேண்டாம்

கால் வீங்கினால் நாம் முதலில் செய்வது மெடிக்கல் ஷாப்பில் நீர் மாத்திரை கேட்பது. அது சிறுநீரகத்தின் வழியே தண்ணீரையும் உப்பையும் வெளியேற்றும். நிணநீர் வீக்கத்தில் தேங்கிய புரதத்தை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இரண்டு காலுமா, ஒரு காலா? இரண்டும் என்றால் இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு என்று பார்க்க வேண்டும். பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் கணிசமானோருக்கு அந்த மாத்திரையே கால் வீக்கம் தரும். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ரத்தக்கட்டியாக இருக்கலாம். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால் ஆம்புலன்ஸ்.

நிணநீர் வீக்கமா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்க ஒரு வழி உண்டு. கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடியில், மேல்பக்கத் தோலை இரு விரலால் கிள்ளித் தூக்குங்கள். மடிப்பாக எழும்பினால் பெரும்பாலும் பயமில்லை. தடித்துப்போய்க் கிள்ளவே வரவில்லையென்றால் டாக்டரிடம் காட்ட வேண்டிய கால்.

மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா போகும் மயிலாப்பூர் அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. இருபது மணி நேரப் பயணத்தில் சீட்டை விட்டு எழாமல் இருப்பதை மரியாதை என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவரை எழுப்பியாவது நடந்துவிட்டு வாருங்கள். உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்கினாலும் கெண்டைக்கால் வேலை செய்யும்.

நாகேஸ்வர ராவ் பூங்கா, பனகல் பூங்கா, பெசன்ட் நகர் கடற்கரை எல்லாம் விடியற்காலை நடப்பவர்களால் நிறைகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் காலை ஐந்து மணிக்கு எழுந்து நடக்க முடிந்தவர்களின் கால் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறது. ஜவுளிக்கடையில் நிற்பவர், கால்வாய் ஓரம் குடியிருப்பவர், கீமோ முடித்து வீடு திரும்பியவர் ஆகியோரின் கால்களும் கைகளும்தான் யார் கண்ணிலும் படாமல் போகின்றன.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். தேவைப்படுவோருக்கு பிசியோதெரபியும் வீட்டிலேயே உண்டு. அவர்களிடம் இன்னும் இரண்டு கேள்விகளை ஒப்படைக்கலாம்: கால் விரல் இடுக்கில் புண் இருக்கிறதா, மார்பில் ஆபரேஷன் செய்துகொண்டவர் வீட்டில் இருந்தால் அவருடைய இரண்டு கைகளும் ஒரே அளவில் இருக்கின்றனவா. ஒரு அளவு நாடாவும் ஒரு பூஞ்சைக் களிம்பும் அந்தப் பையில் தாராளமாக இடம் பிடிக்கும். வீக்கம் இருப்பவருக்கு அழுத்த உறையை அரசு மருத்துவமனையே இலவசமாகத் தர வேண்டும். தேய்ந்து தளர்ந்துபோனால் புதியது தர வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது.